பதினொரு கிலோ பிடி

அந்தக் கறிக்கடைக்காரனைத் தெருவில் எல்லோரும் ஒத்தவெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கொக்கியில் தொங்கும் தொடையை இறக்கிக் கட்டையில் போட்டான் என்றால் எலும்புக்கு ஒரே வெட்டுத்தான். இரண்டாவது வெட்டு விழுந்து யாரும் பார்த்ததில்லை. கடையை அடைத்துவிட்டு மாடியேறிய பிறகு அதே கையால் பெண்டாட்டியை அடிப்பான். அங்கே மட்டும் ஒன்றோடு நிற்காது. அவர் என்று மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை, அவன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பெண்டாட்டிக்குத் தராசம்மா என்று பேர். கல்லாவுக்குப் பக்கத்தில், தராசுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள். கறியைக் கையில் வாங்கியதுமே முக்கால் கிலோவா, எண்ணூறு கிராமா என்று சொல்லிவிடுவாள். தராசு அதற்கப்புறம்தான் சொல்லும். அவளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. இடது காது பாதிதான் கேட்கும், அதனால் வாடிக்கையாளர்கள் வலது பக்கமாக நின்றுதான் பேசுவார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் வயிற்றில் நாலு மாதமாக இருந்தது ஒரே உதையில் போயிற்று. அப்புறம் ஒன்றும் தங்கவில்லை. மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று அப்போது ஆஸ்பத்திரியில் சொன்னாள். படி என்னமோ அந்த ஒரு வீட்டில் மட்டும் வருஷத்துக்கு நாலு தடவை வழுக்கியது.

கீழே கடை. முதல் மாடியில் இவர்கள். இரண்டாம் மாடியில் அவனுடைய அக்கா, புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தம்பி என்றால் உயிர். கீழே முதல் அடி விழுந்த சத்தம் கேட்டதும் அவள் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். பாட்டோ, செய்தியோ, எது வந்தாலும் சரி. கீழே ஓய்ந்த பிறகு குறைத்துவிடுவாள். மறுநாள் தராசம்மாவின் முகத்தைப் பார்த்து, "அடிக்கிற கைதாம்மா அணைக்கும், மனசுல வச்சுக்காத" என்பாள். அந்தக் கை அணைத்ததா என்று தராசம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் கடை நிறைய ஆள் நிற்கும்போது ஒத்தவெட்டு கத்தியை ஓங்கினான், ஓங்கிய கை இறங்கவில்லை. கத்தி நழுவிப் பின்பக்கம் விழுந்தது. அவன் கட்டையின் மேலேயே சரிந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம். மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது காலை இழுத்து இழுத்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். வலது கை வந்தது, ஆனால் உயிர் இல்லாமல் வந்தது. சட்டைக்குள் நுழைக்க வேண்டுமென்றால் தராசம்மாதான் அதைத் தூக்கி நுழைக்க வேண்டும். மூன்றரைக் கிலோ இருக்கும் என்று அவள் மனசுக்குள் எடை போட்டாள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? புருஷன் படுத்துவிட்டான் என்று தெருவே உச்சுக்கொட்டியது. அவளோ இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள். இடது கை ஊன்றுகோலுக்கே சரியாகப் போயிற்று. ஒரே ஒரு தடவை, கஞ்சி சுடுகிறது என்று ஆத்திரத்தில் கோலைப் போட்டுவிட்டு இடது கையை ஓங்கினான். ஓங்கிய வேகத்தில் குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டான். அவள்தான் தூக்கி உட்காரவைத்து ரத்தத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடையை யார் பார்ப்பது? தராசை விட்டு எழுந்து கத்தியை அவளே எடுத்தாள். முதல் வாரம் ஒரு எலும்புக்கு ஐந்து வெட்டு விழுந்தது, சில்லு தெறித்து நெற்றியில் குத்தியது. மூன்றாவது மாதம் இரண்டு வெட்டு. ஆறாவது மாதம் தோளும் முன்கையும் இறுகி, பழைய ரவிக்கையெல்லாம் கை நுழையாமல் போயிற்று. அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கத்தி, அவன் கட்டை. பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாவது மாதம் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் ஒரு இளம்பெண் வந்து சேர்ந்தாள். நான் டாக்டர் இல்லை என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் எல்லோரும் கை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். நல்ல பெண், வேலையில் அவ்வளவு ஆசை. அவள் ஒரு கையுறையைக் கொண்டுவந்தாள். கறுப்பு நிறம், விரல்நுனி திறந்திருக்கும், முழங்கை வரை ஏறும், உள்ளே மெல்லிய கம்பிகள் ஓடும். இருபது நிமிஷம் கை சும்மா கிடந்தால் 'எழுந்திரு' என்கிற மாதிரி அதிரும். கை எத்தனை தடவை அசைந்தது, எவ்வளவு உயரம் போயிற்று, எத்தனை கிலோ அழுத்திப் பிடித்தது, எல்லாவற்றையும் நேரத்தோடு எண்ணிப் போனுக்கு அனுப்பிவிடும். யார் போன்? அவன்தான் கையில் கிடைத்த போனையெல்லாம் சுவரில் எறிந்து உடைத்தவன் ஆயிற்றே. தராசம்மாவின் போனில் இணைத்தார்கள்.

பயன்படுத்தாத கையை மூளை மறந்துவிடும், பயன்படுத்தினால் ஞாபகம் வந்துவிடும் என்று கை டாக்டரம்மா விளக்கினாள். தராசம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

ஆனாலும் தினமும் காலையில் அவளே மாட்டிவிட்டாள். மாட்டாமல் இருக்கவும் முடியாது, மாடியிலிருந்து நாத்தனார் இறங்கிவந்து பார்ப்பாள். இன்னொரு காரணமும் இருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்களே, இங்கே ஊரே கூடி மணியைச் செய்து அவள் கையில் கொடுத்திருந்தது. அந்தக் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வெட்டுக்கு வெட்டு போனை எடுத்துப் பார்த்தாள். அசைவு நாற்பது, பிடி ஒன்றரைக் கிலோ. அசைவு நூறு, பிடி மூன்று கிலோ. புருஷன் மேல் இப்படியும் ஒருத்தி உயிரை வைப்பாளா என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். கை டாக்டரம்மா மற்ற நோயாளிகளின் மனைவிமார்களிடம் இவளைக் காட்டி, இந்த அம்மாவைப் பாருங்கள் என்றாள்.

அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று கிலோ என்றால் டம்ளர் பிடிக்கலாம், பிடிக்கட்டும். ஐந்து கிலோவில் சட்டைப் பொத்தான் போடலாம், அவளுக்கும் ஒரு வேலை மிச்சம். எட்டில் கதவுத் தாழ்ப்பாள். பத்தைத் தாண்டினால் தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம். இதை எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒன்பதரை வந்த அன்று கூந்தலைப் பாதியாக வெட்டிக்கொண்டாள். கறி வெட்டும்போது தொந்தரவாக இருக்கிறது என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

பதினொரு கிலோ வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று மாலை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பகலில் ஒரு வாடிக்கையாளர், இனிமேல் உங்களைத்தான் ஒத்தவெட்டு என்று கூப்பிட வேண்டும் போல என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அவனுக்குள்ளேயே கிடந்து புகைந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தான். இடது கை கோலில் இருக்க, வலது கை அவள் மயிரைப் பிடித்தது. பாதியாக வெட்டியும் பத்தவில்லை. முகத்தைத் தூணில் இடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் புறங்கையால் வாயில் அடித்தான். விரல்கள் இன்னும் சரியாக மடங்காததால் குத்து வரவில்லை, மண்வெட்டியால் அடிப்பது போல அடித்தான். கையுறைக் கம்பி கன்னத்தைக் கிழித்தது. இரண்டாம் மாடியில் ரேடியோ சத்தம் ஏறியது. எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது, அடியைவிட அதுதான் வலித்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நாத்தனாரும் கூட வந்தாள். கை டாக்டரம்மா கணினியில் கோடுகளைப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஏழே கால் மணிக்கு மூன்று நிமிஷம். இத்தனை மாதத்தில் இவ்வளவு வேகமும் பலமும் வந்ததே இல்லை. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள்.

"கறி கொத்தினேன்," என்றான் அவன்.

தராசம்மாவுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நாத்தனார், கன்னத்தில் பிளாஸ்திரி. படியில் வழுக்கிய வாய் அல்லவா, பழக்கம் விடவில்லை. பேசாமல் இருந்துவிட்டாள். அதற்காகத் தன்னையே அவள் செருப்பால் அடித்துக்கொள்ள நினைத்தது அப்புறம்தான்.

"அருமை. அத தினமும் அதே நேரத்துக்கு செய்யுங்க," என்று கை டாக்டரம்மா தினமும் ஏழே கால் மணிக்குக் கையுறை நீளமாக அதிரும்படி அமைத்துவிட்டாள். பாவம், நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்துக்கும் கண் வேண்டும், கன்னத்துப் பிளாஸ்திரியைப் பார்க்கிற கண்.

அன்று மாலை ஏழே காலுக்குக் கையுறை அதிர்ந்தது. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான், கோணல் வாயால் சிரித்தான்.

"டாக்டரம்மா உத்தரவு," என்றான்.

பிறகு தினமும் அதேதான். மறுநாள் ஷட்டரைத் திறந்தே வைத்துப் பார்த்தாள், ஆள் போகட்டும் என்று காத்திருந்து அடித்தான். அதற்கடுத்த நாள் ஏழு மணிக்கே மாடிக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள், கோலால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு வந்து இரட்டிப்பாக அடித்தான். காதுக்குக் கீழே ஒன்று, விலாவில் ஒன்று, கீழே விழுந்த பிறகு கழுத்தில். பதினொன்று பதின்மூன்றாயிற்று. கழுத்தை நெரித்த அன்று பதினான்கரை. மூச்சு திரும்பி வந்ததும் அவள் போனை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தாள். இருபது வந்தால் நான் இருக்க மாட்டேன் என்று கடையில் எடை சொல்வது போலச் சொல்லிக்கொண்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. மணி ஏழே கால். அவள் கடைசித் தொடையைக் கட்டையில் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கையுறை அதிர்கிற சத்தம் கேட்டது, கோல் டக் டக்கென்று வந்தது. மயிருக்கு நீண்ட கையை அவள் திரும்பி மணிக்கட்டில் பிடித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் எலும்பு வெட்டிய பிடி. இழுத்து, தொடையைத் தள்ளிவிட்டு, அந்தக் கையைக் கட்டையின் மேல் வைத்து அழுத்தினாள். வலது கையால் கத்தியை ஓங்கினாள்.

அவள் சும்மா ஓங்கவில்லை, வெட்டத்தான் ஓங்கினாள். அவனுக்கும் அது தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டையில் என்ன நடக்கும் என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்? கத்தி இறங்கும்போது, தோளுக்கு மேலே போகாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவைத்த கை வெடுக்கென்று அவள் பிடியை உதறிக்கொண்டு தலைக்கு மேலே போயிற்று. கத்தி கட்டையில் நாலு விரல்கடை ஆழம் இறங்கி நின்றது. கையுறையின் ஓரத்துத் துணி ஒரு துண்டு மட்டும் கட்டையில் கிடந்தது. அவன் பின்னால் சாய்ந்து கொக்கிகளில் மோதிக் கீழே விழுந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. மாடியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கள் கை டாக்டரம்மா கோட்டைப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்தாள். கை தலைக்கு மேலே போயிருக்கிறது, அரை நொடியில். இது எந்தப் பயிற்சி என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் தராசம்மா பேசினாள்.

"அவர் கைய கட்டையில வச்சு நான் கத்திய ஓங்கினேன், டாக்டரம்மா. அதான் தூக்கினார்."

அவள் நிறுத்தவில்லை.

"மொதல்ல ஒரு நாள் பாத்துட்டு அருமைன்னீங்களே, அது என் மூஞ்சியில விழுந்தது. அதுக்கப்புறம் நீங்க சொன்ன நேரத்துக்குத் தவறாம விழுந்தது. வேணும்னா எண்ணிப் பாருங்க, அதுலயே இருக்கு."

கை டாக்டரம்மா எண்ணிப் பார்த்தாள். ஏழே கால், ஏழே கால், ஏழே கால். கழுத்துத் தடத்தை இப்போதுதான் கண் பார்த்தது. அந்த அதிர்வை எடுத்துவிட்டாள், அழுதாள், எல்லாவற்றையும் தேதியோடு காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்து, போலீஸுக்குப் போங்கள், நானே வந்து சொல்கிறேன் என்றாள். பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்றான் அவன். நாத்தனார்தான் குதித்தாள். புருஷன் கையை வெட்ட வந்தவளோடு தம்பியை ஒரு நாளும் விடமாட்டேன், நானே மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றாள். என்னை அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை, பெண்டாட்டி வாய்த்த லட்சணம் அப்படி என்றும் சொன்னாள். தராசம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு காலடி அவன் கீழே எடுத்து வைத்தால் அந்தக் காகிதம் ஸ்டேஷனில் இருக்கும் என்று இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

அவன் இரண்டாம் மாடிக்குப் போனான். காலையில் கையுறையை நாத்தனாரே மாட்டிவிட்டாள். போனை மட்டும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தராசம்மாவுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. மணி தன்னிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அசைவு ஐம்பது, அறுபது, பிடி மூன்று கிலோ. டம்ளர் பிடிக்கிறான். அவள் வெட்டினாள், விற்றாள், மல்லாந்து படுத்தாள். இப்போது அவள் எலும்புக்கும் ஒரே வெட்டுத்தான். தெரு அவளை ஒத்தவெட்டம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது.

இருபது நாள் போயிருக்கும். கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போன் வெளிச்சம் காட்டியது. மணி ஏழே கால். அதிர்வை எடுத்தாயிற்று, கைக்குத்தான் பழகிவிட்டதே. அசைவு பன்னிரண்டு, முப்பது, எழுபது. பிடி ஒன்பது, பதினொன்று. அதே நேரத்தில் இரண்டாம் மாடியில் ரேடியோ சத்தம் ஏறியது.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முதலில் வந்தது என்னவோ நிம்மதிதான், பொய் சொல்வானேன். படட்டும். அடிக்கிற கை அணைக்கும், அணைத்துக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வருஷம் எனக்கு வைத்த பாட்டை ஒரு நாள் தானும் கேட்கட்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே கட்டையை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள். போன் பதின்மூன்று என்றது. பதினான்கரை என்றது. அந்தப் பதினான்கரை எங்கே பிடித்தால் வரும் என்று அவள் கழுத்துக்குத் தெரியும்.

கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். அன்றைக்கு ஒரு படியும் வழுக்கவில்லை. கதவு தாழிட்டிருந்தது. தாழ்ப்பாள் இருக்கிற இடம் பார்த்து ஒரே வெட்டு. உள்ளே நாத்தனார் சுவரோரம் கிடந்தாள், நரைத்த தலை கலைந்து, உதடு பிளந்து, கறுப்புக் கையுறை அவள் கழுத்தில் இருந்தது. வாசலில் கத்தியைப் பார்த்ததும் அந்தக் கை தானாகவே கழுத்தை விட்டுத் தலைக்கு மேலே போயிற்று. அப்படியே நின்றது. அவன் அதை இறக்கவில்லை, சுவரோடு சுவராக நகர்ந்து மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

தராசம்மா இடுப்பிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போகும். நேரே போய் ரேடியோவை நிறுத்தினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததில்லை. பிறகு குனிந்து நாத்தனாரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கிழவிக்கு எடையே இல்லை. முப்பத்தெட்டுக் கிலோ இருந்தால் அதிகம்.

நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரேடியோவ நான் வைக்கல. இன்னைக்கு அவன்தான் வச்சான்."

"தெரியும் அண்ணி," என்றாள் தராசம்மா. "பாத்து, படி செங்குத்தா இருக்கு."